மாப்பிள்ளை வந்துவிட்டதாகச் சொல்கிறார்

ஐஸுக்கு அடியில் போகிறவருக்கு வழி சொல்ல ஆள் கிடையாது. மேலே வந்து ஒரு எட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி தலையில் இடிக்கும். கீழே பார்த்தால் கும்மிருட்டு. வானத்திலிருந்து வழி காட்டுகிற செயற்கைக்கோளின் பேச்சு தண்ணீருக்குள் ஒரு விரற்கடை கூட இறங்காது. அங்கே நம்பத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான், சத்தம். தண்ணீரில் அது காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகமாகப் போகும்.

அந்தச் சத்தத்தை நம்பித்தான், உறைந்துபோன ஒரு பெரிய ஏரியின் நடுவில் தகரக் கொட்டகை போட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகையின் தரை நடுவே ஒரு கட்டில் நீளத்துக்குக் குழி. குழிக்குள் கறுப்புத் தண்ணீர், அதில் தொங்கும் ஒரு விளக்கு. சுற்றிலும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு ஃப்ளாஸ்க், கால் வைக்க இடமில்லாமல் ஒயர்கள். அடுப்பின் பக்கம் இருக்கிற கன்னம் வேகும், மற்றக் கன்னம் விறைக்கும். அதனால் எல்லோரும் பேசிக்கொண்டே அரை மணிக்கு ஒரு முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

நான்கு பேரும் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் குழம்பக் கூடாது, கண்ணுகளா.

ஒலிக்காரி என்பவள்தான் கணக்குப் போடுகிறவள். வயது ஐம்பத்து மூன்று. தண்ணீருக்குள் சத்தம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பத்தொன்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் மெக்கானிக். அவர் ஒலிக்காரியின் சொந்த அக்காவின் புருஷன். வேலை பார்க்கும் இடத்தில் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அவர்களே ஒரு தடவை முடிவு செய்து, அரை நாள் கடைப்பிடித்து, விட்டுவிட்டார்கள். ஆகவே அவர் அத்தான். மூன்றாவது ஆள் துளைக்காரர். ஐஸில் குழி வெட்டுவது அவர் வேலை. மலை மாதிரி உடம்பு, வெண்ணெய் மாதிரி மனசு. நான்காவது, இவர்கள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டர். அன்று காலைதான் முழு நாளும் இருந்து பார்ப்பதற்காகப் பளபளவென்ற புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஐந்தாவதாக மாப்பிள்ளை. மாப்பிள்ளை ஆள் அல்ல, வண்டி. ஆளில்லாமல் தானே நீந்திப் போய், ஐஸின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, தானே திரும்பி வருகிற இரண்டரை மீட்டர் நீள மஞ்சள் வண்டி. அத்தான் ஆறு வருஷம் இழைத்து இழைத்துச் செய்தது. நேரத்துக்குச் சார்ஜ் போட வேண்டும், குளிர் பட்டால் கம்பளி போர்த்த வேண்டும், வா என்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மாப்பிள்ளைக்கு வழி தெரிவதற்காகக் கொட்டகையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி மூன்று பக்கமும் மூன்று சிறு துளை போட்டு, துளைக்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டி ஓர் ஒலிக்கருவியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். பூரிக்கட்டை அளவுதான் இருக்கும். பெரிய அத்தை, நடு அத்தை, சின்ன அத்தை என்று அவற்றுக்குப் பெயர். மாப்பிள்ளை தண்ணீருக்குள் "டிக்" என்று குரல் கொடுப்பார். மூன்று அத்தைகளும் ஆளுக்கு ஒரு ராகத்தில் பதில் கொடுப்பார்கள். எந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, பெரியவள் இத்தனை தூரம், நடுவிலவள் இத்தனை தூரம், சின்னவள் இத்தனை தூரம், அப்படியானால் நான் இருப்பது இந்த இடம், வீடு அந்த இடம் என்று மாப்பிள்ளை தானே கணக்குப் போட்டுக்கொள்வார். கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுகிறபோது குரல் கொடுப்பவர்களை வைத்து நாம் நடக்கவில்லையா, அதேதான்.

இதில் டைரக்டருக்கு நம்பிக்கை இல்லை. அவருக்குக் கயிற்றில்தான் நம்பிக்கை.

"ஒரு கயிறு கட்டி விட்டா என்ன மேடம்? போச்சா, இழுத்தா வந்துரும்."

"கயிறு இருநூறு மீட்டர் சார். அதுக்கு மேல போகாது. இந்த ஏரி பதினாலு கிலோமீட்டர்."

"இருநூறு மீட்டர் பார்த்தா போதாதா? எல்லாம் ஐஸ்தானே? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"பத்தொன்பது வருஷமா நான் அந்த மிச்சச் சோத்துக்குத்தான் சார் உழைக்கிறேன்."

டைரக்டர் டீயை உறிஞ்சிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். "போன வருஷம் ஒண்ணு உள்ள போச்சு, திரும்பலை. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியலை. இதுவும் அப்படி ஆச்சுன்னா, இனிமே எல்லாமே கயிறுதான். நான் எழுதியே கொண்டு வந்திருக்கேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

அவர் கோட்டுப் பைக்குள் மடித்த காகிதத்தின் நுனி தெரிந்தது. ஒலிக்காரி அதைப் பார்க்காதது போல நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

போன வருஷ விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் வண்டி தொலைந்தபோது துளைக்காரர் மூன்று நாள் சாப்பிடவில்லை. தான் குழி வெட்டினதில் ஏதோ கோளாறு என்று அவருக்கு எண்ணம். ஒலிக்காரி தன் கணக்கில்தான் கோளாறு என்று எடை இறங்கிப் போனாள். அத்தானோ தன் முறுக்காணியில்தான் கோளாறு என்று முறுக்காணியே இல்லாத இடங்களிலும் முறுக்கிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாண்டு வந்தார்கள். யார் எதைத் தப்பாகச் செய்தாலும் மற்றவர் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. சத்தமில்லாமல் சரி செய்துவிடுவார்கள். எவ்வளவு நல்ல குணம், பாருங்கள். அந்த நல்ல குணம்தான் அன்று அவர்கள் காலை வாரிவிட்டது.

காலை ஒன்பதுக்கு மாப்பிள்ளையைக் குழியில் இறக்கினார்கள். அத்தான் மூக்கைத் தடவி, "பார்த்துப் போயிட்டு வா" என்றார். மாப்பிள்ளை முங்கினார். மூன்று மணி நேரம் ஒழுங்காகச் சுற்றினார். அவர் திரையில் அனுப்பக்கூடிய வார்த்தைகள் நாலே நாலு. அவற்றை எழுதியவளே ஒலிக்காரிதான். "நலம்" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் பொத்தானை மூன்று முறை அழுத்தி, "வா" என்று கூப்பிட்டாள்.

"வருகிறேன்" என்று வந்தது.

கால் மணி நேரம் கழித்து, "வீடு வந்தாச்சு" என்று வந்தது.

நான்கு பேரும் எழுந்து குழியைச் சுற்றி நின்றார்கள். அத்தான் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் அசையவில்லை.

டைரக்டர் திரையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"வந்தாச்சுன்னு சொல்லுதே."

"ஆமா சார்."

"எங்கே?"

 "ஒருவேளை ஆளுங்களைப் பார்த்து வெட்கப்படுறாரோ?" என்றார் துளைக்காரர் மெதுவாக.

சிலரைப் போனில் கூப்பிட்டால் தெருமுனைக்கு வந்துவிட்டேன் என்பார்கள். அப்போதுதான் வீட்டில் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் அல்ல, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. வந்துவிட்டேன் என்றால் அவரளவில் வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

ஒலிக்காரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். குழிக்குள் தொங்கும் ஒலிவாங்கி வழியாக டிக், டிக் என்று கேட்டது. தெளிவாக, திருப்தியாக, வீட்டுக்கு வந்து காலை நீட்டிய மனுஷனின் குரல். தன் ஒலிப்பெட்டியிலிருந்து மாப்பிள்ளையை ஒரு முறை கூப்பிட்டு, பதில் வரும் நேரத்தை அளந்தாள்.

"நல்லாத்தான் இருக்கார். எண்பது மீட்டர் தள்ளி இருக்கார்."

"எந்தப் பக்கம்?" என்று அத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அதுதான் தெரியாது. தண்ணிக்குள்ள நமக்கு ஒரு காதுதான் இருக்கு அத்தான். எவ்வளவு தூரம்னு சொல்லும். எந்தத் திசைன்னு சொல்லாது."

"பேட்டரி?"

"ஒண்ணே கால் மணி நேரம் தாங்கும்."

 டைரக்டரின் கை தானாகக் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. ஒலிக்காரிக்கு அந்தக் காகிதம் கசங்குகிற ஓசை மாப்பிள்ளையின் டிக்கைவிடப் பெரிதாகக் கேட்டது.

அப்போது துளைக்காரர் குல்லாவைக் கழற்றினார். அந்தக் குளிரில் அவர் குல்லாவைக் கழற்றினால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்க நேரம் இல்ல. சொல்லுங்க."

"இந்தக் கொட்டகை நீங்க சொன்ன இடத்துல இல்லம்மா. நீங்க கொடி நட்ட இடத்துல ஐஸ் விரிசல் விட்டிருந்துச்சு. பயந்துகிட்டு நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளி வெட்டிட்டேன். நீங்க ரெண்டு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்த இடமாச்சே, எப்படிச் சொல்றதுன்னு..."

"அது எனக்குத் தெரியும்."

துளைக்காரர் வாய் திறந்தபடி நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். அவர் முழுக் கொட்டகையையே ஐஸில் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தார், பாவம்.

"முந்தாநாளே அளந்து பார்த்துட்டேன்" என்றாள் ஒலிக்காரி. "மாப்பிள்ளைக்குக் கொடுத்த கணக்குல வீட்டை நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளி எழுதிட்டேன். அது சரியாப் போச்சு. சொன்னா நீங்க மறுபடி சாப்பிடாம கிடப்பீங்கன்னுதான் சொல்லலை."

"தள்ளி எழுதிட்டீங்களா?"

"ஆமா."

"ஐயையோ."

"என்ன ஐயையோ?"

"நானும் தள்ளிட்டேனே அம்மா."

"எதை? கொட்டகையையா?"

"கொட்டகையை எப்படித் தள்ளுறது? அத்தைங்களை."

அடுப்பு மட்டும் புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

"நேத்து மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் கரைக்குச் சாமான் எடுக்கப் போனீங்கல்ல" என்று துளைக்காரர் குல்லாவைப் பிழிந்துகொண்டே சொன்னார். "எனக்கு மனசே ஆறலை. வெட்டின குழியை நகர்த்த முடியாது. சரி, சுத்தி இருக்கறதை நகர்த்திட்டா கணக்கு ஒண்ணுதானேன்னு, புதுசா மூணு துளை போட்டு, மூணு அத்தைங்களையும் நாற்பது நாற்பது மீட்டர் கிழக்கே கொண்டுபோய் இறக்கிட்டேன். டேப் வெச்சு அளந்து, இம்மி பிசகாம."

"ஒண்ணுதான்" என்றாள் ஒலிக்காரி. "அழகான கணக்கு. நான் கை வைக்காம இருந்திருந்தா."

"எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார் டைரக்டர்.

"ஒரு விருந்தாளி வர்றார் சார். மருந்துக்கடையிலிருந்து நாலாவது வீடுன்னு வழி சொல்லி வெச்சிருக்கோம். அப்புறம்தான் தெரியுது, நம்ம வீடு அஞ்சாவது. நான் என்ன பண்ணேன், ரகசியமாப் போன் பண்ணி, நாலாவது இல்ல அஞ்சாவதுன்னு விருந்தாளிகிட்ட திருத்திச் சொல்லிட்டேன். இவர் என்ன பண்ணார், மருந்துக்கடையையே ஒரு வீடு தள்ளி வெச்சுட்டார். இப்போ விருந்தாளி நம்ம வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுத் திண்ணையில நிக்கிறார்."

டைரக்டர் விரல் விட்டு எண்ணினார். ஆள் கயிற்றுக்காரரே தவிர மக்கு இல்லை. "அப்படிப் பார்த்தா ஒரு வீடுதானே தாண்டியிருக்கணும்? நாற்பது மீட்டர். எண்பது எப்படி?"

நல்ல கேள்வி. ஒலிக்காரியும் துளைக்காரரும் மெதுவாகத் திரும்பினார்கள். அத்தான் ஓரமாக உட்கார்ந்து, ஒரு திருகாணியை வெகு சிரத்தையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் திருகாணி எந்தக் கருவியிலும் சேர்ந்தது அல்ல.

"அத்தான்."

"என்ன?"

"நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"நான் எதைத் தொடப்போறேன்? கணக்கு உன் இலாகா. நான் வெறும் ஸ்பேனர் பிடிக்கிறவன்."

கல்லுளிமங்கன் என்பது அவருக்கு வைத்த பெயர்தான். அடித்துக் கேட்டாலும் வராது. ஆனால் அந்த நேரம் பார்த்து மேஜை மேல் இருந்த போன் அடித்தது. ஒலிக்காரியின் அக்கா. மதியச் சாப்பாடு ஆச்சா என்று தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவாள். ஒலிக்காரி கையுறையோடு அழுத்தியதில் எல்லோருக்கும் கேட்கும்படி விழுந்தது.

"ஏண்டி, சாப்பிட்டீங்களா? அவர் காதுக்குத் துணி சுத்தியிருக்காரா?"

"அக்கா, அப்புறம் பேசறேன். மாப்பிள்ளை வழி தப்பிட்டார்."

"அச்சச்சோ. அதான் உங்க அத்தான் சரி பண்ணிட்டாரே, இன்னும் என்ன?"

அத்தான் எழுந்து போனை நோக்கி ஓடி வந்தார். ஒயர் தடுக்கியது.

"என்ன சரி பண்ணினார்?" என்றாள் ஒலிக்காரி.

"காலைல போன் பண்ணிச் சொன்னாரே! உன் கொடிக்கும் கொட்டகைக்கும் நடுவுல அம்பத்திரண்டு எட்டு இருக்காம், நீ கவனிக்கவே இல்லையாம். பெரிய ஆபீசர் முன்னாடி நீ தலை குனியக் கூடாதுன்னு, அவரே வண்டியோட வயித்தைத் திறந்து, உள்ள நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளி வெச்சுட்டாராம். யார்கிட்டயும் சொல்லிராதேன்னார். ஆமா, இதை நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிராதே."

"சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கை. அத்தான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"உன் மானத்தைக் காப்பாத்தத்தான் பண்ணேன்!" என்று அவர் வெடித்தார். "போன வருஷம் நீ பட்டது போதும்னு பண்ணேன்! நீ ஏற்கெனவே திருத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

"நீங்க திருத்தப் போறேன்னு சொன்னா?"

"சொன்னா நீ வருத்தப்பட மாட்டியா?"

"சண்டையை அப்புறம் போடலாம்" என்றார் டைரக்டர். ஆச்சரியம், அவர் குரலில் ஒரு பரபரப்பு ஏறியிருந்தது. "மூணு பேரும் கிழக்கேதானே தள்ளினீங்க?"

மூன்று பேரும் கிழக்கேதான் தள்ளியிருந்தார்கள். தள்ள வேண்டியது ஒருவர். மற்ற இரண்டு பேருடைய பிரியம் ஆளுக்கு நாற்பது மீட்டராக எண்பது மீட்டர்.

டேப்பை இழுத்துக்கொண்டு துளைக்காரர் கிழக்கே எண்பது மீட்டர் நடந்தார். அத்தான் பனியை விலக்கி, குல்லாவைத் தூக்கிவிட்டு, ஐஸில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். பின்னாலேயே போன டைரக்டரும், யாரும் சொல்லாமலே, புதுக் கோட்டோடு படுத்துக் காதை வைத்தார். காலுக்கடியில் எங்கேயோ, கடிகாரக் கடைக்குள் ஒரு பூச்சி இருப்பது மாதிரி, டிக்... டிக்...

"கேக்குது" என்றார் டைரக்டர். சின்னப் பிள்ளை மாதிரி முகம். "இங்கேதான் இருக்கு! நமக்காகக் காத்துக்கிட்டிருக்கு!"

"என் வளர்ப்பு சார்" என்றார் அத்தான்.

இருக்கிற இடம் தெரிந்தால் போதுமா? வண்டி வெளியே வருகிற அளவுக்குப் பெரிய குழி வெட்ட நான்கு மணி நேரம் ஆகும். பேட்டரிக்கு மிச்சம் ஒரு மணி நேரம். மாப்பிள்ளைக்கு "வா" என்றால் புரியும், "அங்கே இல்லை, இங்கே வா" என்றால் புரியாது. இதுதான் வீடு என்று அவர் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது ஒலிக்காரி கன்னத்தில் கை வைத்துக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கித் துளைக்காரரைக் கேட்டாள்.

"அத்தைங்களுக்குப் போடற சின்னத் துளை ஒண்ணுக்கு எவ்வளவு நேரம்?"

"மெஷினை வெச்சா அஞ்சே நிமிஷம்."

"அப்போ நேத்து பண்ணினீங்களே, அதை இன்னொரு தடவை பண்ணுங்க. ஆனா திருப்பி. மூணு பேரையும் எண்பது மீட்டர் மேற்கே."

துளைக்காரருக்குப் புரிந்துவிட்டது. தான் செய்த தப்பு அல்லவா, அதன் அருமை அவருக்குத்தானே தெரியும்! மருந்துக்கடையை மேற்கே இரண்டு வீடு நகர்த்தினால், விருந்தாளியும் தன்னால் இரண்டு வீடு மேற்கே வருவார். குழிக்கு மூன்று நான்கு மீட்டர் கிட்டே வந்தால் போதும். குழியில் தொங்குகிற விளக்கைப் பார்த்து நுழைய மாப்பிள்ளைக்குக் கண் உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். அத்தைகள் ஒருவர் நகர்ந்து மற்றவர் நகராமல் இருந்தால் மாப்பிள்ளைக்குக் கணக்கு உதைத்து எங்கேயாவது கண்ட திசையில் கிளம்பிவிடுவார். ஆகவே மூன்று பேரையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் பத்து நிமிஷத்துக்குள் மறுபடி இறக்க வேண்டும். பத்து நிமிஷம் எந்த அத்தையும் பேசவில்லை என்றால் மாப்பிள்ளைக்கு முறுக்கு வந்துவிடும். மேலே போய் ஐஸோடு ஒட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். பிறகு யார் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

"மூணு அத்தை. மூணு ஆள் வேணும்" என்றாள் ஒலிக்காரி. "நான் இந்த ஹெட்ஃபோனைக் கழட்ட முடியாது."

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். டைரக்டர் தன் புது பூட்ஸைப் பார்த்தார்.

"சின்ன அத்தையை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

துளைக்காரர் பனி ஸ்கூட்டரில் பறந்து முப்பத்தைந்து நிமிஷத்தில் மூன்று துளையும் போட்டுவிட்டார். மூன்று பேரும் மூன்று திசையில் போய் நின்றார்கள். கையில் ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி. பேட்டரி இருபது நிமிஷம் என்று காட்டியது.

"தூக்குங்க" என்றாள் ஒலிக்காரி.

அந்த மூன்று ராகமும் அவள் காதில் ஒன்றாக நின்றன. மாப்பிள்ளையின் டிக் மட்டும் தனியாகக் கேட்டது. பதில் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரி.

துளைக்காரர் நாலாவது நிமிஷமே, "பெரிய அத்தை இறங்கியாச்சு அம்மா" என்றார். அத்தான் ஐந்தாவது நிமிஷம், "நடு அத்தை உள்ள. எனக்கு மூச்சு வெளிய" என்றார். சின்ன அத்தை பக்கமிருந்து சத்தம் இல்லை.

"சார்?"

கரகரப்பு மட்டும் வந்தது.

"சார், ஆறு நிமிஷம் ஆச்சு. எங்க இருக்கீங்க?"

"படுத்திருக்கேன் மேடம்."

"ஏன் படுத்திருக்கீங்க?"

"கயிறு" என்றார் டைரக்டர்.

ஒலிக்கருவியோடு பதினைந்து மீட்டர் கயிறும் நுனியில் ஓர் இரும்புக் குண்டும் உண்டு. மற்ற இரண்டு பேரும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். டைரக்டர் அத்தையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கயிறு பின்னாலேயே ஓடி வந்து, முழங்கால் பனியில் அவரை முந்தி, இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. ஆனைக்கும் அடி சறுக்கும்.

"எவ்வளவு தூரம் சார் துளைக்கு?"

"தெரியுது. பத்து மீட்டர். காலைப் பிரிக்க முடியலை."

"பிரிக்காதீங்க சார். ஏழரை நிமிஷம். உருளுங்க!"

"என்னது?"

"உருளுங்க சார்!" என்று வாக்கி டாக்கியில் நான்கு குரல் ஒரே நேரத்தில் கத்தியது. நான்காவது குரல் ஒலிக்காரியின் அக்காவுடையது. போனை வைக்க எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். அவள் இத்தனை நேரமும் லைனிலேயே இருந்தாள்.

ஒன்பதாவது நிமிஷத்தில், மூச்சு வாங்கும் ஒரு குரல், "சின்ன அத்தை... தண்ணிக்குள்ள... போயாச்சு" என்றது.

ஒலிக்காரியின் காதில் பெரிய அத்தை, நடு அத்தை, சின்ன அத்தை மூன்று ராகமும் திரும்பக் கேட்டன.  திரையில் ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை யோசித்தார். வீட்டில் இருப்பதாக நினைத்திருந்தவருக்குத் திடீரென்று தான் வீட்டிலிருந்து எண்பது மீட்டர் தள்ளி இருப்பது தெரிந்தால் கொஞ்சம் சங்கடமாகத்தானே இருக்கும்.

பிறகு திரையில் வந்தது. "வருகிறேன்."

எண்பது. எழுபத்தி நாலு. அறுபது. அவள் எண்களை வாய்விட்டுச் சொன்னாள், வாக்கி டாக்கியில் மூன்று பேரும் அவற்றைத் திருப்பிச் சொன்னார்கள். நாற்பத்தி ஒன்று. பத்தொன்பது. எட்டு. கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு அத்தான் உள்ளே பாய்ந்தபோது, கறுப்புத் தண்ணீர் ஒரு முறை கொப்பளித்தது. மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது.

"வீடு வந்தாச்சு" என்றது திரை, இரண்டாவது முறையாக, கூச்சமே இல்லாமல்.

அத்தான் கம்பளியைப் போர்த்தினார். போர்த்தின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர் என்றார். போனிலிருந்து, "வந்துட்டாரா? ஏண்டி, வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒலிக்காரி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

துளைக்காரர் டைரக்டரைப் பனி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தலை முதல் கால் வரை பனி. ஒரு பூட்ஸில் இன்னும் கயிறு தொங்கியது. அவர் நேராகக் குழிக்கு வந்து மாப்பிள்ளையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கோட்டுப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். உருண்டதில் அது நனைந்து கூழாகியிருந்தது.

"இதை இன்னொரு தடவை டைப் அடிக்கணும்னா அடிக்கலாம்" என்றார்.

அத்தான் கம்பளியின் நுனியை இழுத்துச் சரி செய்தார்.

"ஆனா கயிறு கட்டினா எப்படி இருக்கும்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. வேண்டாம் மேடம். அது அவிழ்த்து விட்ட மாதிரியே போகட்டும். பதினாலு கிலோமீட்டரும்." கூழை அடுப்பின் மேல் காய வைக்கிற மாதிரி வைத்தார். அது காயவில்லை, கருகியது. யாரும் எடுக்கப் போகவில்லை. "ஒரே ஒரு கண்டிஷன். இங்க இனிமே யாரும் யாருக்கும் தெரியாம நல்லது பண்ணக் கூடாது. பண்ணினா நோட்டுல எழுதணும்."

துளைக்காரர் அதை ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவுக்கு மேல் தொங்கவிட்டார். கொஞ்சம் கோணலாக இருந்தது. அத்தான் அதை நேராக்கக் கை நீட்டி, அட்டையைப் படித்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டார். "கோணலா இருக்கு, நேராக்கவா?" என்று சத்தமாக எல்லோரையும் கேட்டார்.

அப்புறம் டீ வந்தது. ஒலிக்காரியின் டம்ளரை அத்தான் ஊற்றி மேஜையில் வைத்தார், துளைக்காரர் அதை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தார், டைரக்டர் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். பாகு. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் எப்போதும் அரை ஸ்பூன் சர்க்கரைதான் போட்டுக்கொள்வாள்.

தலை நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துளைக்காரர் குல்லாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு?" என்றாள்.

"கை நடுங்குச்சே உனக்கு, அதான் ரெண்டு ஸ்பூன்" என்றார் அத்தான்.

"நானும் ரெண்டு அம்மா" என்றார் துளைக்காரர்.

டைரக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நோட்டை எடுத்துப் பிரித்து, முதல் பக்கத்தில் தேதி போட்டார். "ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "குவிச்சு."

ஒலிக்காரி மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு டம்ளரை வாயில் கவிழ்த்து, அடியில் கரையாமல் கிடந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.